மூன்றாம் நாளும் பால் ஊறவில்லை என்றால்

கேள்வி: என் தங்கைக்குக் கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருக்கிறது. தலைப்பிரசவம். இன்றோடு மூன்று நாள். பால் ஊறவில்லை என்று முதல் நாளிலிருந்தே பவுடர் பால் கொடுக்கிறார்கள். டாக்டர் ஒன்று சொல்கிறார், நர்ஸ் ஒன்று சொல்கிறார், எங்கள் அப்பாயி வேறொன்று சொல்கிறார். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் பால் கொடுக்கச் சொல்லித்தர ஒரு ஆள்கூட இருக்க மாட்டாரா? இனிமேல் தாய்ப்பாலுக்கு மாற முடியுமா?

பதில்:

மாற முடியும். மூன்று நாளில் ஒன்றும் கைமீறிப் போய்விடவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தவர்களையே மாற்றியிருக்கிறோம். நான் டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் இருபத்தாறு வருஷம் செவிலியராக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில்தான் போயிற்று. உங்கள் கேள்வி இரண்டு கேள்வி. தங்கைக்கு என்ன செய்வது என்பது ஒன்று, ஆள் ஏன் இல்லை என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இன்றைக்குப் பார்க்க வேண்டியது. குழந்தையின் பிறந்த எடை எவ்வளவு, இன்றைய எடை எவ்வளவு என்று கேளுங்கள். பிறந்த முதல் சில நாளில் எடை குறைவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. 3 கிலோ பிள்ளை 2.8 கிலோவுக்கு வந்தால் பதறத் தேவையில்லை. 2.7 என்றால் பத்து சதவீதம், அப்போது உடனே கவனிக்க வேண்டும். ஆபரேஷன் சமயத்தில் தாய்க்கு ஏற்றிய குளுகோஸ் தண்ணீரில் கொஞ்சம் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்து, பிறந்த எடை நிஜத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது மூத்திரம். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குக் குறையக் கூடாது. மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி, நாலாம் ஐந்தாம் நாளில் மஞ்சளாக மாற வேண்டும். பிள்ளை எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பில் மஞ்சள் கூடிக்கொண்டே போனாலோ, நாள் முழுக்கத் துணி நனையவில்லை என்றாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் "பால் ஊறல" என்ற பேச்சுக்கு வருவோம்.

முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 2 மில்லியிலிருந்து 10 மில்லிதான். டீஸ்பூனில் பாதியிலிருந்து இரண்டு ஸ்பூன். அந்த அளவுக்குத்தான் சீம்பாலும் வரும். பசு கன்று போட்டால் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சித் தெருவுக்கே கொடுக்கிற ஊர் நம்முடையது. பெற்றவளின் சீம்பாலை மட்டும் "கெட்டிப்பால், பிள்ளைக்கு ஆகாது" என்று பீய்ச்சிக் கீழே விடச் சொன்னதும் இதே ஊர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதோடு மல்லுக்கட்டினோம். இப்போது கீழே விடச் சொல்பவர்கள் அநேகமாக இல்லை. அந்த இடத்தில் "பத்தல" என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்று மார்பைப் பிதுக்கிப் பார்ப்பார்கள். இரண்டு சொட்டு வரும். "அவ்வளவுதானா?" என்பார்கள். அந்தப் பெண் முகம் சுருங்கிப்போகும். அந்த இரண்டு சொட்டும் சரியான அளவு என்று சொல்ல அந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

நிறையப் பால் இறங்குவது நஞ்சுக்கொடி வெளியே வந்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். கொடி போனதும் உடம்பில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கும், அதற்குப் பிறகே சுரப்பு ஏறும். தலைப்பிரசவம், ஆபரேஷன், சர்க்கரை நோய், அதிக உடல் எடை, இவற்றில் ஏதாவது இருந்தால் நாலு ஐந்து நாள்கூட ஆகும். உங்கள் தங்கைக்கு இதில் இரண்டு இருக்கிறது. ஆக அவளுக்கு இன்னும் நேரமே வரவில்லை. ஆனால் சுரப்பு ஏறுவதற்குள் பவுடர் பால் முந்திக்கொண்டால் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கும், மார்பில் வாய் வைக்காது. வாய் வைக்காத மார்பு சுரப்பைக் கூட்டாது. அதற்கப்புறம் நிஜமாகவே பத்தாமல் போகும். முதல் நாள் தப்பாகச் சொன்னது பத்தாம் நாள் உண்மையாகிவிடுவது இப்படித்தான்.

ஆள் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். கர்ப்பப்பை, தையல், ரத்தப்போக்கு எல்லாம் மகப்பேறு டாக்டர் பொறுப்பு. மூச்சு, மஞ்சள், எடை எல்லாம் குழந்தை டாக்டர் பொறுப்பு. மார்பும் வாயும் சேருகிற இடம் இரண்டு வயலுக்கு நடுவில் இருக்கிற வரப்பு மாதிரி. இரண்டு பேரும் மிதித்துக்கொண்டு போவார்கள், மண் வெட்டிப் போடுவது யார் வேலை என்று கேட்டால் இரண்டு பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். மிச்சம் நிற்பது செவிலியர். இரவு டியூட்டியில் வார்டு முழுக்க இரண்டு பேர்தான் இருப்போம். ஒருத்தி ஊசி, மருந்து, ரத்தக்கொதிப்பு பார்க்கப் போய்விடுவாள். இன்னொருத்தி பிரசவ அறைக்கு ஓடுவாள். ஒரு தாய்க்குச் சரியாகப் பால் கொடுக்கச் சொல்லித்தர அரைமணி நேரம் வேண்டும், அதுவும் ஒரு தடவை போதாது. பவுடர் பால் கலக்க இரண்டு நிமிஷம். இந்தக் கணக்கில் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடந்திருக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது நூற்றில் சுமார் 60 பிள்ளைகளுக்குத்தான். ஆறு மாதம் வரை வெறும் தாய்ப்பால் மட்டும் என்று எடுத்தால் 55 பிள்ளைகள். இந்தியா முழுவதற்குமான கணக்கு 64. பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிற நாம் இதில் பின்னால் நிற்கிறோம். அதே ஆய்வில் இங்கே ஆபரேஷன் பிரசவம் நூற்றில் 45, தனியாரில் மட்டும் எடுத்தால் 64 பக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆபரேஷன் ஆனால் பால் கொடுக்க முடியாது என்பதில்லை. முதுகில் மயக்க ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள், ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை நெஞ்சில் போடலாம். ஆனால் நடப்பது வேறு. பிள்ளையைத் துடைத்துச் சுற்றி "அப்சர்வேஷன்" என்று வேறு அறைக்குக் கொண்டுபோவார்கள். தாய் இன்னொரு அறையில் கிடப்பாள். ஆறேழு மணி நேரம் கழித்துச் சந்திப்பதற்குள் பிள்ளைக்கு இரண்டு வேளை பவுடர் பால் ஆகியிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பால் பவுடரை விளம்பரம் செய்யக் கூடாது, இலவச டப்பா கொடுக்கக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தது, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 2016-ல் மத்திய அரசு 'மா' என்ற தாய்ப்பால் திட்டம் கொண்டுவந்து எங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தது. நல்ல பயிற்சிதான். பயிற்சி முடிந்து வார்டுக்குத் திரும்பினால் அதே இரண்டு பேர், அதே ஓட்டம். ஆகஸ்டு முதல் வாரம் தாய்ப்பால் வாரம் என்று கோலப்போட்டி வைத்து போட்டோ எடுப்போம். எட்டாம் தேதி பழைய கதை.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் அந்த அரைமணி நேரத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குப் புரியும்.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். இரண்டாம் நாள். மாமியார் சங்கில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துத் தயாராக வைத்திருந்தார். "காம்பே இல்லம்மா இவளுக்கு, புள்ள எதைப் புடிக்கும்?" என்றார். பார்த்தேன். இரண்டு பக்கமும் காம்பு உள்வாங்கியிருந்தது. பத்து மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கிவரச் சொன்னேன். ஊசி மாட்டும் முனையை பிளேடால் வெட்டிவிட்டு, உந்து தண்டை உருவி வெட்டிய பக்கமாகத் திருப்பிச் செருகினால், வழவழப்பான விளிம்பு மார்பின் பக்கம் வரும். அதைக் காம்பின் மேல் வைத்துத் தாயே தன் கையால், வலிக்காத அளவுக்கு, மெதுவாகத் தண்டை இழுக்க வேண்டும். அரை நிமிஷம் பிடித்து விட வேண்டும். நாலைந்து முறை செய்ததும் காம்பு எட்டிப் பார்த்தது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஐந்து ரூபாய்ச் சாமான்.

அதற்குப் பிறகுதான் வேலையே. பிள்ளையின் வயிறு அவள் வயிற்றில் ஒட்டும்படி திருப்பினேன். மூக்குக்கு நேரே காம்பு இருக்கும்படி வைத்து, பிள்ளை கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும்வரை காத்திருந்தோம். இரண்டு தடவை சின்னதாகத் திறந்தது, விட்டுவிட்டோம். மூன்றாவது தடவை பெரிதாகத் திறந்ததும், முதுகைத் தாங்கிப் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். தாய் குனிந்து மார்பைத் திணிக்கக் கூடாது. தாடை மார்பில் புதைந்தது, கீழ் உதடு வெளியே மடங்கியது, காம்பைச் சுற்றிய கறுப்பில் மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. முதலில் படபடவென்று சப்பிய பிள்ளை, பிறகு ஆழமாக இழுத்து நிறுத்தி 'க்ளக்' என்று முழுங்கியது. அந்தச் சத்தம் மாமியாருக்கும் கேட்டது. சங்கிலிருந்த சர்க்கரைத் தண்ணீரை அவரே ஜன்னல் வழியாக ஊற்றினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் என் குற்றமும் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் நான் செய்தது வேறு. ஒரு கையால் தாயின் மார்பைப் பிடித்து, இன்னொரு கையால் பிள்ளையின் பின்மண்டையை அழுத்தி வாயில் திணித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். அவசரம். மண்டையை அழுத்தினால் பிள்ளை விறைத்துப் பின்னால் தள்ளும், "புள்ளைக்கு மாரே புடிக்கல" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். இன்றும் பல வார்டில் இதுதான் நடக்கிறது. தங்கைக்கு யாராவது அப்படிச் செய்தால், கையை எடுத்துவிட்டு வாயால் சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்கிறீர்களே, அதற்குப் பெரிய உதாரணம் பால்கட்டு. மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடு, நன்றாக அழுத்தி உருவு, ஒட்டப் பீய்ச்சி எடு என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். நாங்களும் சொல்லித்தந்தோம். 2022-ல் தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு இதைத் திருத்தியது. உள்ளே இருப்பது அடைப்பு என்பதைவிட வீக்கம். அழுத்தி உருவினால் வீக்கம் கூடும், வெளியே எடுக்க எடுக்க இன்னும் சுரக்கும். குளிர்ந்த ஒத்தடம், வீக்கம் குறைக்கிற மாத்திரை, பிள்ளைக்கு வேண்டிய அளவுக்கு வழக்கம்போல் பால் கொடுப்பது, அவ்வளவுதான். ஒரு நாள் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால் டாக்டர், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் 2010-ல் படித்தவர் வெந்நீர் என்பார், புதிதாகப் படித்தவர் ஐஸ் என்பார், இரண்டையும் ஒரே நாளில் கேட்கிற தாய் யாரை நம்புவாள்? இடையில் கைப்பேசியில் ஒருத்தி மசாஜ் வீடியோ போட்டிருப்பாள்.

பாட்டிமார் சொல்வது எல்லாம் தப்பு என்றும் நினைக்காதீர்கள். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள் இல்லையா? பிள்ளையை இழந்த தாய்மாருக்கு அப்படிக் கட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அதை வேலூரில் முறையாகச் சோதித்து, மாத்திரைக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 1988-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பால் ஊட்டுகிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்துக்கு நாம் சொல்லும் 'பாலாடை' என்ற வார்த்தை, குறைமாதப் பிள்ளைகள் பற்றிய ஆங்கில மருத்துவப் புத்தகங்களில் அதே பெயரோடு இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு, கடலோரம் விட்டு உள்ளே வந்தால் பூண்டுக் குழம்பு. பசியோடு இருக்கிறவளுக்கு நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சுறாப்புட்டு தின்றால் மட்டும் பால் அதிகமாகாது, பிள்ளை சப்பினால்தான் அதிகமாகும். அப்பாயி சொல்வதில் நான் மறுப்பது இரண்டே இரண்டு. ஒன்று, பச்சை உடம்பு என்று தண்ணீர் தராமல் வைப்பது. தாகத்துக்குக் குடிக்கட்டும். இரண்டாவது, சேனை தொட்டு வைப்பது, தேன், உரை மருந்து, வசம்பு இவற்றைப் பிள்ளை வாயில் வைப்பது. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளட்டும், வாய்க்குள் வேண்டாம்.

பால் சுரக்க மாத்திரை எழுதிக் கொடுப்பதும் இப்போது சாதாரணமாகிவிட்டது. வாந்திக்குத் தருகிற டாம்பெரிடோன் அது. இதயத் துடிப்பில் கோளாறு இருப்பவர்களுக்கு ஆபத்து, பல வாரம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் தூக்கமின்மையும் வரும். பிள்ளை எப்படிப் பிடிக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் அதை எழுதுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

இன்னொரு பக்கமும் உண்டு. "எந்தத் தாய்க்கும் பால் இல்லாமல் போகாது" என்று மேடையில் பேசுவார்கள். அது பொய். சிலருக்கு மார்பில் சுரப்பித் திசுவே குறைவு. சிலருக்குப் பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய்ச் சுரப்பு நின்றிருக்கும். கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கியிருந்தாலும் பால் இறங்காது. அப்படிப்பட்டவளிடம் "நீ முயற்சி பண்ணல" என்று சொல்வது கொடுமை. அவள் பிள்ளைக்குப் பவுடர் பால் மருந்து மாதிரி. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலக்க வேண்டும், பத்து நாள் கூடுதலாக வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டக் கூடாது. பாட்டில் வேண்டாம், கொதிக்கவைத்த பாலாடை போதும்.

குறைமாதப் பிள்ளைகளின் தாய்மார்தான் எங்கள் கையில் அதிகம் தவறிப்போகிறவர்கள். 35 வாரத்தில் பிறந்த பிள்ளை பார்க்க முழுப்பிள்ளை மாதிரியே இருக்கும். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடும். அதைச் சமத்துப் பிள்ளை என்பார்கள், அது பட்டினி. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் தாய்ப்பால் வங்கி. இந்தியாவில் முதலில் 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். இப்போது தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனையிலும் இருக்கிறது. தானம் வரும் பாலை 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கிப் பத்திரப்படுத்துவார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் கதை தனி. கம்பெனிச் சம்பளக்காரிக்கு 2017 முதல் 26 வாரம் விடுப்பு, தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஒரு வருஷம். நாற்று நடுகிறவளுக்கு? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் வரும், அது விடுப்பாகாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் மூன்றுமாதப் பிள்ளையை அப்பாயியிடம் விட்டுவிட்டு வயலில் இறங்குவாள். பீய்ச்சி வைத்துவிட்டுப் போ என்று நாங்கள் சொல்வோம். வெளியே நாலு மணி நேரம் கெடாது என்று அட்டவணையில் இருக்கும், ஆனால் அது 25 டிகிரி அறைக்கான கணக்கு. திருவாரூரில் ஜூன் மாதம் தகர வீட்டுக்குள் 25 டிகிரி எங்கே இருக்கிறது? பாத்திரத்தை மூடி, ஈரத்துணி சுற்றி, மண்பானைத் தண்ணீரில் வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துவிடச் சொல்வேன். இது புத்தகத்தில் இல்லை, வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

சரி, தங்கைக்கு. பவுடர் பாலை இன்றே ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பிள்ளையின் துணியைக் கழற்றிவிட்டுத் தாயின் வெறும் நெஞ்சில் போட்டு, இருவரையும் சேர்த்து ஒரு புடவையால் மூடுங்கள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மார்பில் போடட்டும், இரவு இரண்டு தடவையாவது கட்டாயம், சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். தையல் வலித்தால் பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற மாதிரி பக்கவாட்டில் பிடிக்கலாம், வயிற்றில் பாரம் படாது. ஒவ்வொரு முறையும் முதலில் மார்பு, அப்புறம் கையால் பீய்ச்சிய பால், கடைசியில்தான் பவுடர் பால், அதுவும் பாலாடையில். எடை ஏற ஏற, டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பவுடர் பாலின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரைக் கூப்பிடுங்கள், தனியாரில் பிரசவமானாலும் வருவார். கட்டிலைச் சுற்றி நிற்கிற கூட்டத்தை அனுப்பிவிட்டு, நீங்கள் ஒருத்தர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள்.

நாளைக் காலை எடை போட்டதும் இரண்டு எண்ணையும் எழுதுங்கள், பிறந்த எடையும் நாளைய எடையும். எத்தனை துணி நனைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.